பூத்தேயின் மழைக்காலச் சீக்கு

1

இந்த முறை மலாக்காவின் சுதந்திர நாள் கொண்டாட்டத்தைப் பற்றி எழுதுவதாக இருந்தேன். சுதந்திரம் வந்து இரண்டு வருஷம் நிறைந்ததற்காக ஊர் மைதானத்தில் பள்ளிப் பிள்ளைகள் அணிவகுத்துப் போனார்கள். என் மகள் தனமும் கொடி பிடித்துக்கொண்டு போனாள். மூன்று பக்கம் எழுதியும் வைத்தேன். அதையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு ஒரு பூனையைப் பற்றி எழுதுகிறேன். தேவகோட்டையில் இதைப் படிக்கிற என் சிநேகிதர்கள், கடல் தாண்டிப் போனவனுக்கு மூளையும் தாண்டிவிட்டது என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

பூனை வந்ததே முதல் சுதந்திர நாளன்றுதான். ஊரெல்லாம் "மெர்டேக்கா" என்று கத்திக்கொண்டிருந்த அன்று, தனம் சட்டைக்குள் ஒரு வெள்ளைக் குட்டியை ஒளித்துக்கொண்டு வந்து நின்றாள். அப்போது அவளுக்குப் பத்து வயது. பூத்தே என்று பெயர் வைத்தாள். மலாயில் வெள்ளை என்று அர்த்தம். இங்குள்ள பூனைகளுக்கு வால் நுனி முடிச்சுப் போட்டாற்போல் மடிந்திருக்கும். நான் யாரோ கதவிடுக்கில் நசுக்கிவிட்டார்கள் என்று நினைத்து எண்ணெய் தடவப் போனேன். பிறவியே அப்படித்தான் என்று சொல்லி மகள் சிரித்தாள்.

தனம் எங்களோடு தமிழில் பேசுவாள், பள்ளியில் இங்கிலீஷில் பேசுவாள், பூனையோடு மலாயில் மட்டுமே பேசுவாள். ஒரு நாள் நான் "இந்தா, இங்கே வா" என்று கூப்பிட்டேன். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அதுக்குத் தமிழ் தெரியாது லா, அப்பா" என்றாள், இந்த ஊர்ப் பேச்சின் 'லா'வையும் சேர்த்து. என் வீட்டில், என் சோற்றைத் தின்கிற ஜீவனோடு பேச நான் மகளைத் துபாஷியாக வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

2

பூத்தேக்கு வருஷா வருஷம் ஒரு வியாதி வரும். புரட்டாசி பிறந்து ஒரு வாரம் போனால் வயிறு கெட்டுவிடும். தண்ணீராகப் போகும், பிறகு சளி, பிறகு இரத்தம். சாப்பிட்டதை வாந்தி எடுக்கும். முதுகெலும்பு துருத்திக்கொண்டு தெரியும். மாதம் முடிந்தபின் மெல்லத் தேறும். கார்த்திகையில் மறுபடி ஒரு சுற்று வரும்.

காரணம் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். மழைதான். நான் வேலை பார்ப்பது வடிகால் இலாகாவில். காலை எட்டு மணிக்கு மழைமானியில் விழுந்திருக்கிற தண்ணீரை அளந்து புத்தகத்தில் எழுதுவது என் பொறுப்பு. ஆபீஸ் புத்தகம் போக, என் சொந்தத் திருப்திக்காக வீட்டில் ஒரு நோட்டிலும் குறித்து வைப்பேன். நம் பக்கத்தில் மழை பெய்தால் வெளியே வந்து நின்று பார்ப்போம். கண்மாய் நிறைந்ததா என்று எதிரே வருகிறவனைக் கேட்போம். இங்கே மத்தியானம் மூன்று மணிக்குச் சொல்லி வைத்தாற்போல் கொட்டுகிறது, அதை ஒருவரும் சட்டை செய்வதில்லை. பதினெட்டு வருஷமாகியும் எனக்கு இந்த மழையின் மேல் நம்பிக்கை வரவில்லை. வீட்டில் எது கெட்டாலும், அரிசி பூத்தாலும், முழங்கால் வலித்தாலும் மழை என்றுதான் சொல்வேன். பூனை விஷயத்திலும் அப்படித்தான் சொன்னேன். ஈரப்புல், குளிர்ந்த சிமெண்டுத் தரை, மழைக்கு வருகிற தவளை. அதனால் சாக்குப் படுக்கை போட்டேன், கரி அடுப்பைப் பக்கத்தில் வைத்தேன், ஓமத் தண்ணீர் புகட்டினேன். கையெல்லாம் கீறல் விழுந்ததுதான் மிச்சம்.

என் மனைவி மீனாட்சி பூனையின் வியாதிக்குக் காரணம் தேடியதில்லை. அவள் கவலை வேறு. நாலு வருஷத்துக்கு முன் தனத்துக்கு விஷ ஜுரம் கண்டது. இருபத்தொரு நாள் பிள்ளைக்கு நினைவில்லை. தலைமுடி கொட்டிப் போயிற்று. ஆஸ்பத்திரியில் கையை விரித்த அன்று மீனாட்சி ஒரு வேண்டுதல் செய்தாள். புரட்டாசி முழுக்க, கார்த்திகை முழுக்க, தை பிறந்து பூசம் வரைக்கும், தன் வீட்டு வாசலுக்குள் இருக்கிற ஒரு வாயும் கவிச்சி தொடாது, பிள்ளையை மட்டும் விட்டுக் கொடு என்று கேட்டாள். இவ்வளவுதான் கேட்டாள். மறுநாள் பிள்ளை கண் திறந்து தண்ணீர் கேட்டது.

அன்றிலிருந்து விரதம் தொடங்கும் முன்தினம் மீன் சட்டி, அரிவாள்மனை, அம்மி எல்லாவற்றையும் கொல்லைக் கொட்டகையில் கொண்டுபோய் வைத்துப் பூட்டுவாள். வீட்டைக் கழுவிவிடுவாள். ஒரு வாய் என்றால் ஒரு வாய்தான். பூத்தே வந்த பிறகு பூத்தேயின் வாயும் அதில் சேர்த்தி. பதினோரு நாள் விரதத்துக்கே ஏங்கிப் போகிற மனிதர்கள் உண்டு. எங்கள் பூனைக்கு மாதக்கணக்கில் டின் பாலும், நெய்ச் சோறும், பருப்பும்.

இந்த வரியைப் படித்ததுமே உங்களில் சிலருக்குப் புரிந்திருக்கும். எனக்கு மூன்று புரட்டாசி ஆயிற்று.

3

நாங்கள் இருப்பது காஜா பெராங் பகுதியில், கம்போங் செட்டி என்கிற செட்டிகள் குடியிருப்பை ஒட்டின வாடகை வீடு. செட்டிகள் என்றால் நம் பக்கத்து நகரத்தார் என்று எண்ணிவிட வேண்டாம். பல தலைமுறைக்கு முன் வந்து இங்கேயே பெண் கட்டித் தங்கிப்போனவர்களின் வம்சம். கோயில் உண்டு, விபூதி உண்டு, பெயரெல்லாம் நம் பெயர். பேச்சு மட்டும் மலாய். செம்பருத்தி வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவள் தெய்வானை. கைம்பெண், தனியாக இருக்கிறாள். தனம் அவளைப் பீபிக் என்று கூப்பிடுவாள். பெரியம்மா என்பதுபோல ஒரு மரியாதை. பாதி நாள் என் மகள் அந்த வீட்டுச் சமையல்கட்டில்தான். தமிழில் ஒரு கடிதம் எழுதச் சொன்னால் நாலு வரிக்கு நாற்பது தப்பு. பீபிக்கோடு உட்கார்ந்தால் வாய் ஓயாது. எனக்கு அதில் ஒரு பொருமல் உண்டு. மறைப்பானேன்.

இந்தப் புரட்டாசி எட்டாம் தேதி சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து சைக்கிளைச் சாத்தினேன். வேலி ஓரத்தில் பூத்தே குனிந்து எதையோ தின்றுகொண்டிருந்தது. போய்ப் பார்த்தால் வாழையிலைத் துண்டில் மீன். அந்தப் பக்கம் பீபிக் நின்றிருந்தாள். ஏற்கெனவே பூனைக்கு வயிறு இளக ஆரம்பித்திருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. மிளகாயும் பெலாச்சான் என்கிற இறால் விழுதும் போட்ட எச்சில் மீனைத் தின்னக் கொடுத்து, வருஷா வருஷம் என் பூனையைக் கொல்லப் பார்ப்பவள் நீதானா என்று எனக்குத் தெரிந்த மலாயில் கத்தினேன். கோபத்தில் பேசும் மலாய் எனக்குச் சரளமாக வருகிறது என்பதை அன்றுதான் கண்டுபிடித்தேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

பீபிக் குரலை உயர்த்தவில்லை. "டியா லாப்பார், சே" என்றாள். அதுக்குப் பசி, ஐயா என்று அர்த்தம். "பசியா? ரெண்டு வேளை பாலும் சோறும் போடுகிறோம்" என்றேன். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் பூத்தேயைத் தூக்கி வந்து, சமையல்கட்டு மேஜைக் காலில் கயிற்றால் கட்டினேன். மீனாட்சிக்கு மலாய் அவ்வளவாகத் தெரியாது; வேலி ஓரத்தில் எதையோ தின்றது என்று மட்டும் அவளிடம் சொன்னேன். தனத்தைப் பார்த்து, "இனி இந்த மாசம் முடியிற வரைக்கும் வேலிப் பக்கம் நீயும் போகக் கூடாது, அதுவும் போகக் கூடாது" என்றேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மாவைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

4

கட்டிப் போட்ட நாலாம் நாள் பூனை எழுந்து நிற்கவில்லை. பால் கிண்ணத்தை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. சாக்கெல்லாம் இரத்தம். காதைத் தொட்டால் சில்லென்றிருந்தது. தனம் பள்ளிக்குப் போக மாட்டேன் என்றாள். என்னோடு அவள் பேசியே நாலு நாள் ஆகியிருந்தது.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு, கூடையில் பூனையை வைத்துச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அரசாங்க மிருக வைத்தியசாலைக்குப் போனேன். அங்கே முன்னால் ஒரு குமாஸ்தா. நானும் குமாஸ்தா என்பதால் அவன் கஷ்டம் எனக்குப் புரியும். ஆனாலும் அன்று அவனை அடித்திருப்பேன். அவனிடமிருந்த விண்ணப்பப் பாரத்தில் மாடு, எருமை, ஆடு, பன்றி, குதிரை, நாய் என்று கட்டங்கள் இருந்தன. பூனைக்குக் கட்டம் இல்லை. நாயில் போடலாமா என்று யோசித்தான். நாய் என்றால் லைசென்ஸ் நம்பர் வேண்டும் என்று அவனே சொல்லிக்கொண்டான். பிறகு பெயர் கேட்டான். என் பெயரைச் சொன்னேன். மிருகத்தின் பெயர் என்ற இடத்தில் அதை எழுதி, சொந்தக்காரர் பெயர் என்ன என்று மறுபடி கேட்டான். கூடைக்குள் சத்தமில்லை. "அதையே போடுங்க" என்றேன். போன வருஷம் குடியுரிமைக்கு மனுக் கொடுத்தபோதும் இப்படித்தான் ஒரு மத்தியானம் போயிற்று. அன்று நான் எந்த நாட்டுக்காரன் என்பது மட்டும்தான் கேள்வி. நாளைக்குக் கேட்டாலும் பதில் அதேதான். இங்கே ஒவ்வொரு நிமிஷமும் கனத்தது.

வைத்தியர் சீனர், வயதானவர். பூனையின் வயிற்றை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். அது கத்தவில்லை. கத்தாததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"குடல் வெந்து போயிருக்கிறது. ஒரு தடவை வந்து போனதல்ல இது, திரும்பத் திரும்பப் புண்பட்ட குடல்" என்றார் மலாயில்.

"மழைக்காலத்தில் வரும்" என்றேன்.

"மழையிலே இந்த ஊர்ப் பூனையெல்லாம்தான் நனைகிறது." ஒரு பொட்டலம் பொடி மடித்துக் கொடுத்தார். "எப்போதெல்லாம் வந்தது என்று தேதி போட்டு எழுதிக் கொண்டு வா. அந்தத் தேதிகளில் வீட்டில் என்ன மாறியது என்று யோசி. என்ன மாறியது என்று தெரியாமல் மருந்து நிற்காது. சாப்பிடாமல் இன்னும் இரண்டு நாள் போனால் நீ வர வேண்டியதே இல்லை."

5

தேதி எழுதுவது என் தொழில். மழை நோட்டின் ஓரத்தில், பூனைக்கு முடியாத நாட்களில் ஒரு சின்னப் புள்ளி வைத்திருந்தேன். மறுநாள் காலை சாப்பாட்டு மேஜையில் இரண்டு வருஷ நோட்டையும் விரித்து உட்கார்ந்தேன். என் கட்சி நிரூபணமாகிவிடும், சீனருக்கு மழை என்றால் என்னவென்று காட்டிவிடலாம் என்று ஒரு ஓரத்தில் எண்ணம் இருந்தது.

புரட்டாசியில் மழை, புள்ளி. கார்த்திகையில் மழை, புள்ளி. சரிதான் என்று பக்கத்தைத் திருப்பினேன். தை மாதம். இங்கே தை காய்கிற மாதம். இரண்டு வாரத்துக்கு வரிசையாகச் சைபர் போட்டிருக்கிறேன், ஒரு சொட்டுக்கூட இல்லை. அந்தச் சைபர்களுக்குப் பக்கத்தில் புள்ளி, புள்ளி, புள்ளி. போன வருஷத் தையிலும் அப்படியே. சித்திரையில் இந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் கரை தட்டிப் போயிற்று. அந்த மாதம் முழுக்க ஒரு புள்ளி இல்லை.

என் கையெழுத்துதான். நான் எழுதி, நானே பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

தனம் பின்னால் வந்து நின்றிருந்தது தெரியாது. தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"அப்பா, அதெல்லாம் அம்மா விரத நாள்."

நான் திரும்பினேன்.

"பால் அதுக்கு ஒத்துக்கல. எப்பவும் வாந்தி எடுக்கும். அதனாலதான் பள்ளி விட்டு வந்ததும் பீபிக் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போவேன். பீபிக் அதுக்குன்னு தனிச் சட்டியில உப்பு, மொளகா ஒண்ணும் போடாம மீன் அவிச்சு வைப்பாங்க. ரெண்டு வருஷமா அப்படித்தான். அதுல கொஞ்சம் தாக்குப் பிடிச்சுக்கும். அன்னிக்கு நான் வர நேரமாயிடுச்சுன்னு அவங்களே வேலிக்கு வந்து போட்டாங்க. இந்தத் தடவை நீங்க கட்டிப் போட்டுட்டீங்க."

"ஏன்டி சொல்லல என்கிட்ட?"

"விரதம் எனக்காகத்தானே, அப்பா. நான் மீனு தொட்டேன், பூத்தே தின்னுச்சுன்னு தெரிஞ்சா அம்மா பயந்துடுவாங்க. எனக்குத் தலை வலிச்சாக்கூட அம்மா அதைத்தான் நினைப்பாங்க. அவங்களுக்குத் தெரியாம இருந்தா ஒண்ணும் இல்லதானே."

இவள் நம்மை விட்டு விலகிப் போகிறாள், வேலி தாண்டிப் போகிறாள் என்று நான் பொருமிக்கொண்டிருந்த நாளெல்லாம், பன்னிரண்டு வயதுப் பிள்ளை தன் தாயின் பயத்தைத் தானே சுமந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. நோட்டை மூடிவிட்டுக் கொல்லைப் பக்கமாக இறங்கினேன்.

வேலியண்டை நின்று "பீபிக்" என்று கூப்பிட்டேன். நான் அவளை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வந்தாள். மன்னிப்புக் கேட்கிற மலாய் எனக்குக் கோபத்து மலாய் அளவுக்கு வரவில்லை. "மிந்தா மாஃப்" என்பதையே மூன்று தடவை சொன்னேன். "பூனை இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். இருக்கிறது என்றேன். "தூக்கிக்கிட்டு வாங்க, அடுப்பு எரியுது" என்றாள்.

தூக்கிக்கொண்டு போனோம். கெம்போங் மீன், நம் கானாங்கெளுத்தி, வெறும் தண்ணீரில் அவித்து ஆற வைத்திருந்தாள். தனம் விரலில் எடுத்து வாயருகில் நீட்டினாள். பூத்தே தின்னவில்லை. பீபிக் நீட்டினாள், தின்னவில்லை. தரையில் விட்டதும் மெல்ல ஊர்ந்து, இரண்டு தரம் விழுந்து, வேலிக்கடியில் நுழைந்து எங்கள் சமையல்கட்டுப் படியில் போய்ப் படுத்துக்கொண்டது. வருஷத்தின் மற்ற நாளெல்லாம் அதற்கு அந்தப் படியில் மீன் எடுத்துப் போடுவது மீனாட்சிதான். தெம்பாக இருக்கிற பூனை யார் கையிலும் தின்னும். இது அவளைத் தேடிக்கொண்டு போயிற்று.

பீபிக் வேலியோடு நின்றுவிட்டாள். "நான் வரல. உங்க வீட்டுல நோன்பு. என் புடவையெல்லாம் மீன் வாடை" என்று சொல்லிக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாலு வருஷமாக எங்கள் விரத மாதங்களில் அவள் ஒரு நாளும் எங்கள் வாசலை மிதித்ததில்லை. நான் அதைத் தலைக்கனம் என்று நினைத்திருந்தேன்.

6

கிண்ணத்தை மேல்துண்டால் மூடிக்கொண்டு கொல்லை வழியாக வந்தேன். மீனாட்சி ஜபம் முடித்து எழுவதற்குள் பூனைக்கு இரண்டு வாய் ஊட்டிவிட்டு, படியைக் கழுவிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். அவள் படியிலேயே நின்றிருந்தாள். ஈரத்தலை, நெற்றியில் விபூதி. பூனை அவள் காலடியில் கிடந்தது.

"கையில என்னங்க?"

மேல்துண்டை இழுத்து மூடினேன். வாடையே சொல்லிவிட்டது.

"தனம் பேசினதெல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாள். "ரெண்டு வருஷமா வேண்டுதல் உடைஞ்சுதான் இருக்கு. எனக்குத்தான் தெரியல."

"மீனாட்சி, நீ உள்ளே போ. நான் பார்த்துக்கிறேன். நீ பார்க்கலைன்னு வெச்சுக்க."

"வேண்டிக்கிட்டது நான். உடைக்கணும்னா நான்தான் உடைக்கணும். நீங்களும் அவளும் ஒளிச்சு ஒளிச்சுச் செஞ்சா, அது அவ தலையில போய் விழும். நான் செஞ்சா என்னைக் கேக்கட்டும்."

என் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். படியில் உட்கார்ந்தாள். நாலு வருஷத்தில் இந்த மாதங்களில் மீனைத் தொடாத விரல்கள். சதையை உதிர்த்து, முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தாள். பூத்தேயின் வாயருகில் கொண்டுபோனாள். தனம் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பூனை முகர்ந்தது. நாக்கை நீட்டி அவள் விரலை நக்கியது. பிறகு ஒரு துணுக்கை விழுங்கியது. வாந்தி வருமோ என்று பார்த்தோம், வரவில்லை. இன்னொரு துணுக்கு.

மீனாட்சி அழுதுகொண்டேதான் ஊட்டினாள். முடித்ததும் கிணற்றடிக்குப் போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டாள்.

இதெல்லாம் நடந்து நாலு நாள் ஆகிறது. இரத்தம் நின்றுவிட்டது. இன்று காலை பூத்தே எழுந்து, தள்ளாடிக்கொண்டே வேலி வரை போய் வந்தது. சீன வைத்தியரிடம் தேதிகளைக் காட்டினேன். பாலை நிறுத்து, சாப்பாட்டைத் திடீர் திடீரென்று மாற்றாதே, குடல் ஆற நாளாகும் என்றார். விரதம் என்றால் என்ன என்று கேட்டார். விளக்கினேன். பூனைக்குமா என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வீட்டில் மற்ற எல்லோருக்கும் விரதம் நடக்கிறது. பூனைக்கு மட்டும் படியில் மீன். மீனாட்சியே ஊட்டுகிறாள், ஊட்டிவிட்டுக் குளிக்கிறாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஆனால் காலையில் தனம் எழுந்ததும் அவள் நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறாள். பள்ளி விட்டு வந்ததும் பார்க்கிறாள். சாப்பிட உட்காரும்போது, பரிமாறுகிற சாக்கில் இன்னொரு தரம். தனம் நெற்றியைக் காட்டுகிறாள்.

நான் படித்தவன், அரசாங்க உத்தியோகஸ்தன், தேதியும் அளவும் பார்த்து முடிவுக்கு வருகிறவன். நேற்று பிள்ளை இரண்டு தரம் தும்மினாள். மீனாட்சி அடுப்படியில் இருந்தாள், கேட்டிருக்க மாட்டாள். நான் எழுந்து போய் மகளின் நெற்றியில் புறங்கையை வைத்தேன். கொஞ்சம் சூடாக இருந்ததுபோல் பட்டது. என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். மறுபடி அவள் நெற்றியைத் தொட்டேன். வித்தியாசம் தெரியவில்லை.

"வெயில்ல வந்தேன், அப்பா" என்றாள்.

புரட்டாசி முடிய இன்னும் பதிமூன்று நாள் இருக்கிறது.